நதியாவும் முதல் பட்டதாரி சான்றிதழும்

என் செல்போனில் ‘டிங்’ என்று சத்தம் கேட்டால் போதும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் ‘ணங்’கென்று விழும். மாதத்தில் ஒரு நாள் அரசாங்கம் என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போடுகிறது. பெண்கள் இருவருக்கும் புதுமைப் பெண் திட்டத்தில், நடுவில் இருக்கும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில். மூன்று பேருடைய பாஸ்புக்கிலும் என் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருக்கிறேன். அதனால் டிங், டிங், டிங். சத்தத்தைக் குறைத்து வைக்கலாம். வைக்க மாட்டேன். அந்தப் பக்கம் இருப்பவள் என் ஓரகத்தி நதியா, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அவள் காதில் விழட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.

நதியாவின் கதையைச் சொல்கிறேன் என்றதும், புறம் பேச வந்துவிட்டாள் அனிதா என்று நினைத்துவிடாதீர்கள். அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. அவளுக்கு என் மேல் பொறாமை. எனக்கு அவள் மேல் அதைவிடப் பெரிய பொறாமை. இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்டால், என்னுடையதுதான். அதில் மட்டும் நான் அவளுக்கு மூத்தவள்.

திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். எங்கள் மாமனார் சென்னியப்பன் கட்டிய ஓட்டு வீட்டை நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாக்கியிருக்கிறோம். வாசல் பொது, குழாய் பொது, துணி காயப்போடுகிற கம்பி பொது. அடுப்பு வேறு, ரேசன் கார்டு வேறு. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ஊரில் வரி போடும்போது இன்றைக்கும் ‘சென்னியப்பன் வீடு’ என்று ஒரே வரிதான். அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதி போட்டுக் கட்டுவார்கள். சொத்தைப் பிரித்து எழுதாதவரைக்கும் எத்தனை அடுப்பு எரிந்தாலும் கோயிலுக்கு அது ஒரு வீடு. கல்யாணப் பத்திரிகை வந்தாலும் ஒன்றுதான் வரும், அதை யார் வாங்கி வைத்துக்கொள்வது என்று நானும் நதியாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். இந்த ஒரு வரி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் அவள் ஏமாந்தாள், நானும் ஏமாந்தேன்.

நதியா காங்கேயத்துப் பெண். அவள் அப்பா எண்ணெய் மில் களத்தில் தேங்காய்ப் பருப்புக் காயப்போடுகிற கூலி. பத்தாவதில் அவள்தான் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். அது எத்தனை என்று எனக்குத் தெரியும், என் பிள்ளைகளுக்குத் தெரியும், கேஸ் சிலிண்டர் போட வருகிறவருக்கும் தெரியும். மே மாதம் ரிசல்ட் வந்தது, ஜூன் மாதம் திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீஸ் மடித்துக் கொடுக்கிற வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நர்ஸ் ஆக வேண்டும் என்று இருந்தாளாம். வெள்ளைத் துணிக்குப் பதிலாக நாள் முழுக்க வெள்ளைப் பனியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வாள். அதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டாள்.

கொஞ்ச வருடத்தில் அவளே டெய்லர் ஆனாள். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பேட்லாக் தையல் மிஷினில் அவள் வேகத்துக்கு அந்தக் கம்பெனியில் ஆளே இல்லை. கை அப்படி. வாயும் அப்படி. நான் இரண்டு வருடம் கழித்து வந்தேன். படிப்பு எட்டாவது, வேலை செக்கிங் மேசையில் பனியன் துணியில் ஓட்டை பார்ப்பது. மாமியார் பழனாத்தாள் உயிரோடு இருந்த காலம் அது. வருகிறவர்களிடமெல்லாம், பெரியவள் கெட்டிக்காரி, சின்னவள் பரவாயில்லை என்பார். அந்தப் ‘பரவாயில்லை’ இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

நதியாவுக்கு ஜனனி பிறந்தாள், மூன்று மாதம் கழித்து எனக்குக் கவிப்பிரியா. நதியாவுக்கு அடுத்தது தரணீதரன். எனக்கு அடுத்து ஒரு பையனும் ஒரு பெண்ணும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் போடுகிற வயது வந்தது. எங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால் ஊராட்சிப் பள்ளிக்கூடம் தெரியும். மணி அடித்தால் அடுப்படியில் கேட்கும். நான் கவிப்பிரியாவை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். நதியா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, அவிநாசி ரோட்டில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் விடியற்காலையில் வரிசையில் நின்று அப்ளிகேஷன் வாங்கி வந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் குழாயடியில் என்னிடம் சொன்னாள்.

“எம்புள்ளைங்க கம்பெனி வேனுல ஏறக் கூடாது அனிதா. ஸ்கூல் வேன்ல ஏறோணும். கவர்மென்ட்டு ஸ்கூல்ல போட்டா என்ன வரும்? பாவம், உங்கவி.”

என் பெண்ணைப் பார்த்து அவள் பாவம் என்றாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

அதற்கப்புறம் தினமும் காலையில் மஞ்சள் வேன் வந்து எங்கள் பொது வாசலில் ஹாரன் அடிக்கும். ஜனனி டை கட்டி, ஷூ போட்டு, முதுகில் மூட்டையோடு ஏறுவாள். என் மூன்றும் அந்த வேனுக்கு வழி விட்டு ஓரமாக நின்று, புழுதி அடங்கினதும் நடந்து போகும். எனக்கு எரியும். மத்தியானம் செக்கிங் மேசையில் பீஸை விரித்துப் போட்டு ஓட்டை தேடுகிறபோது, நதியாவிடம் என்ன ஓட்டை இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜனனியின் டை கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை. அதை எடுத்துக் கவிப்பிரியாவின் கழுத்தில் மாட்டிக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். பிள்ளை பார்த்துவிட்டு, “அம்மா, இது ஜனனியோடது, கழட்டிருங்க” என்றாள். கழற்றி இருந்த இடத்திலேயே போட்டேன். க்ளிப் மட்டும் மாற்றிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. சாயங்காலம் நதியா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த மஞ்சள் வேனுக்காக நதியா தன்னை வருத்திக்கொண்ட மாதிரி யாரும் வருத்திக்கொள்ள மாட்டார்கள். தினமும் ஒன்றரை ஷிப்ட், ஆர்டர் அவசரமென்றால் ஞாயிற்றுக்கிழமையும். வெளியே போக இரண்டு சேலை. டர்ம் ஃபீஸ் கட்டுகிற மாதம் அவள் காதில் தோடு இருக்காது, வேப்பங்குச்சி இருக்கும். மிஷினில் குனிந்து குனிந்து கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்ந்த கழுத்தோடு அவள் என்னைப் பார்க்கும்போது மேலேயிருந்து பார்க்கிற மாதிரியே இருக்கும். தரணீதரன் மட்டும் அம்மா வர நேரமானால் நேராக என் அடுப்படிக்கு வந்து, “சித்தி, ரசம் இருக்குதுங்களா?” என்பான். அவனுக்கு மட்டும் எந்த வித்தியாசமும் தெரியாது.

இப்படியே பன்னிரண்டு வகுப்பும் முடிந்தது. ஜனனிக்கு என் பெண்ணைவிட எவ்வளவோ மார்க் அதிகம். கவுன்சிலிங்கில் அரசு இன்ஜினியரிங் காலேஜ் கிடைத்தது. நதியா தெருவுக்கே லட்டு கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், இரண்டு. நான் தின்னவில்லை. ஆனால் அப்புறம்தான் என் வீட்டுப் பக்கம் காற்று திரும்பியது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு ஏழரை சதவீதம் தனி இடம் உண்டு என்று கவிப்பிரியாவின் டீச்சரே கூட்டிப்போய் எழுதிக் கொடுத்தார். கோயம்புத்தூரில் பெரிய காலேஜில் சீட்டு. படிப்புக்கும் ஹாஸ்டலுக்கும் எல்லாம் அரசாங்கமே கட்டிவிடும். எதை நதியா பாவம் என்றாளோ, அதுவே என் பெண்ணுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

நதியாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எம்பொண்ணு மார்க் எங்கே, அவ மார்க் எங்கே, பன்னண்டு வருசம் நாங்க பணத்தைக் கொட்டினது தப்பா என்று அவள் தன் வீட்டுக்காரர் மோகன்ராஜ் மாமாவிடம் கத்துவது சுவருக்கு இந்தப் பக்கம் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. அவள் கேட்டதில் தப்பும் இல்லை. அதற்காக வந்த சீட்டை நான் விட்டுவிட முடியுமா? நான் அன்றைக்கு அந்த இரண்டு லட்டையும் எடுத்துத் தின்றேன்.

இப்போது சான்றிதழுக்கு வருகிறேன். வீட்டில் அதுவரை யாரும் காலேஜ் படித்து முடிக்கவில்லையென்றால், முதலில் படிக்கப் போகிற பிள்ளைக்கு ‘முதல் பட்டதாரி’ என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் கொடுத்தால் படிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு. பணம் கொஞ்சம் இருக்கட்டும், பெயரைப் பாருங்கள். முதல் பட்டதாரி. படித்து முடிப்பதற்கு முன்னாலேயே பட்டதாரி! கவிப்பிரியாவுக்கு எல்லாம் இலவசம் என்பதால் அந்தச் சலுகை தேவையே இல்லை. ஆனாலும் பெயருக்காக வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று இ-சேவை மையத்துக்குப் போனேன். குடும்பத்தில் ஒருத்தருக்குத்தான் கொடுப்பார்கள் என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, நதியா காதில் விழட்டும் என்று சத்தமாக என் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னேன். நாளைக்கே போய்க் கவிக்கு எழுதிப் போட்டுவிடலாம் என்றும் சொன்னேன்.

என் வாய்க்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுநாள் நான் கம்பெனியில் லீவு கேட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில், நதியா ஷிப்டையே விட்டுவிட்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஓடியிருக்கிறாள். ஒரு வீட்டுக்கு ஒன்று, அது சென்னியப்பன் வீட்டுக்கு ஒன்று, கோயில் வரி மாதிரி. அவளும் அப்படித்தான் நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அரசு காலேஜில் ஜனனிக்குக் கட்டணமே சொற்பம், அந்தச் சலுகையால் மிஞ்சுவது ஒரு நல்ல சேலை விலைகூட வராது. தரணிக்குப் பின்னால் வேண்டியிருக்குமே என்று மோகன்ராஜ் மாமா சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்குள் அனிதா மகள் வாங்கிவிடுவாள் என்று ஒரே பிடிவாதமாக வாங்கி, ஜனனி பேரில் பதிந்தும் விட்டாள். அந்த வாரமே எங்கள் பொது வாசலில் ஒரு ஃபிளக்ஸ். ‘எங்கள் இல்லத்தின் முதல் பட்டதாரி’ என்று ஜனனி வாசல் அகலத்துக்குப் பெரிதாக நிற்கிறாள். ஓரத்தில் மாலை போட்ட மாமனார். என் பிள்ளைகளின் நிழல்கூட இல்லை.

காற்றடித்துக் கிழிகிறவரை அந்த ஃபிளக்ஸுக்கு அடியில் குனிந்துதான் நாங்கள் வீட்டுக்குள் போனோம், வந்தோம். என் மகளுடைய பெயரைப் பிடுங்கிக்கொண்டாள் என்று சொந்தத்தில் ஒருத்தர் பாக்கி இல்லாமல் சொன்னேன். மூன்று வருடமாக அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

இந்த வருடம் தரணீதரன் பன்னிரண்டு முடித்தான். கவுன்சிலிங்கில் கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் காலேஜில் அவன் கேட்ட கம்ப்யூட்டர் படிப்பே கிடைத்தது. கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். ஜனனி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள், ஹாஸ்டல் செலவு ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காக்காரன் வரி போட்டதிலிருந்து கம்பெனியில் பாதி மிஷினுக்குத் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவளுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை. நதியாவின் சனிக்கிழமைச் சம்பளம் கையில் எடுத்தால் கனமே இல்லை. பேங்கில் கல்விக் கடன் கேட்டார்கள். நான்கு வருடத்துக்கும் ஹாஸ்டலோடு சேர்த்துத் தொகை பெரிதாக இருப்பதால், வெளி ஆள் ஒருத்தர், நிலையான சம்பளக்காரர், ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் காலேஜுக்குப் பணம் போகாவிட்டால் சீட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

இந்தக் காலத்தில் ஜாமீன் என்றால் சொந்தக்காரன் செல்போனை அணைத்துவிடுகிறான். மோகன்ராஜ் மாமா நாலு இடத்தில் கேட்டுவிட்டு, கடைசியில் தம்பியிடம் வந்தார். என் வீட்டுக்காரர் தங்கவேலு சாயப்பட்டறையில் இருபது வருடமாக இருக்கிறவர், பி.எஃப். பிடிக்கிற சம்பளம். அவர் என்னைப் பார்த்தார். நீ சொன்னால் போடுகிறேன், வேண்டாம் என்றால் வேண்டாம் என்றார். மாமா வாசலில் நிற்க, நான் உள்ளே இருந்தபடியே சொன்னேன்.

“அக்கா வந்து கேக்கட்டுமுங்க மாமா. கேட்டாப் போடச் சொல்றேன்.”

நதியா வரவில்லை. குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு போனாள். என்ன அழுத்தம் பாருங்கள்! மகன் படிப்பே போகப் போகிறது, அப்பவும் அந்தக் கழுத்து என் பக்கம் திரும்பவில்லை. எனக்கும் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் அந்த வேன் கிளப்பின புழுதியை என் பிள்ளைகள் தின்றன, இப்போது ஒரு வாய் வார்த்தை கேட்டால் இவள் வாய் தேய்ந்துவிடுமா என்று இருந்தேன்.

புதன்கிழமை கம்பெனிக்குப் போனால், கட்டிங் செக்‌ஷனில் மோகன்ராஜ் மாமாவுக்குப் பக்கத்தில் தரணீதரன் நிற்கிறான். மாமா அங்கே கட்டிங் மாஸ்டர். ஒரு வருடம் வேலை பழகட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டி வந்துவிட்டாராம். எங்கள் ஊரில் ‘அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று வந்தவர்கள்தான் எல்லா மிஷினிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். பையன் வெட்டின பீஸ்களைக் கட்டுக் கட்டாகத் தோளில் போட்டுக்கொண்டு என் மேசையைத் தாண்டிப் போனான். புருவத்திலும் மீசை முளைக்கிற இடத்திலும் பஞ்சு. என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு, “சித்தி” என்று. நான் பீஸில் குனிந்துகொண்டேன். அன்றைக்கு நல்ல பீஸ்களிலெல்லாம் ஓட்டை என்று ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன். சூப்பர்வைசர் வந்து, கண்ணு தெரியலையாக்கா என்று கத்தினார்.

வியாழக்கிழமை காலையில் நதியா வந்தாள். குடம் இல்லாமல் குழாயடிக்கு வந்தாள். நான் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். என் முன்னால் வந்து நின்றாள். அழுதுவிடுவாளோ என்று பார்த்தேன். அழுகிற முகம் இல்லை அது, சண்டைக்கு வந்த முகம்.

“உன் போனு டிங்குடிங்குனு அடிச்சா எனக்கு வயிறு காந்துது அனிதா” என்றாள். “காசுக்கு இல்ல. அது உனக்குச் சும்மா வருது பாரு, அதுக்கு. நான் கழுத்தொடிய தெச்சேன். உம்புள்ளைங்க மூணும் படிக்குது, எம்பையன் கட்டு தூக்கறான். நேத்து ஊட்டுக்கு வந்து தலைய ஒதறுனான், பஞ்சு பறந்துச்சு. என்னால பாக்க முடியல. போடச் சொல்லு.”

இதைக் கேட்பதற்குத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். மனசு குளிர்ந்ததா என்று கேட்டால், குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே ஒரு பயமும் வந்தது. இவள் இப்படி ஒரேயடியாக உட்கார்ந்துபோனால் நான் அப்புறம் யாரைப் பார்த்து எரிவது? இவள் பிள்ளைகள் மார்க் வாங்குகிறார்களே என்று பார்த்துப் பார்த்துத்தான் என் பிள்ளைகளை நான் படி படி என்று விரட்டினேன். இவள் மகன் டை கட்டினதைப் பார்த்துத்தான் என் மகனுக்கு ட்யூசன் வைத்தேன். நதியா இல்லாவிட்டால் என் மூன்றில் ஒன்றுகூடக் காலேஜ் வாசலை மிதித்திருக்காது. இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சோப்புக் கையைச் சேலையில் துடைத்தேன்.

“எனக்கு மட்டும் எரியலீங்களா? உங்க வேனு வந்த நாள்லயிருந்து எரியுதுங்க்கா” என்றேன். “ஒம்பது மணிக்குப் பேங்கு தொறப்பாங்க. கெளம்புங்க.”

நால்வரும் போனோம். நான் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கையெழுத்துப் போடுவதை நான் பார்க்க வேண்டாமா? மேனேஜர் ஒரு சின்ன வயதுப் பெண், பேச்சைப் பார்த்தால் தெற்கத்திக்காரர். மரியாதையாக உட்கார வைத்து, காகிதங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டினார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“பையனுக்கு முதல் பட்டதாரி சலுகை வாங்கலையா? தனியார் காலேஜுல அது நாலு வருசத்துக்கும் நல்ல தொகையாச்சே. அது இருந்திருந்தா கடன் இவ்வளவு தேவைப்படாது. ஜாமீனே கேட்டிருக்க மாட்டோம்.”

பெண்ணுக்கு வாங்கியாச்சுங்க என்றார் மோகன்ராஜ் மாமா. எந்தக் காலேஜ் என்று மேனேஜர் கேட்டார். மாமா சொன்னார். அரசு காலேஜுக்கா போய் வாங்கினீங்க, அங்கே கட்டணமே கம்மியாயிற்றே, ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தானே கிடைக்கும், பையனுக்கு விட்டு வைத்திருக்கலாமே என்று அந்தப் பெண் நிஜமாகவே வருத்தப்பட்டார். மாமா நதியாவைப் பார்க்கவில்லை. ஃபேனைப் பார்த்தார்.

நதியாவுக்கு முகம் கறுத்துவிட்டது. என்னைக் காட்டிச் சொன்னாள். “இவ பொண்ணும் அந்த வருசம்தானுங்க சேந்துச்சு. ஊட்டுக்கு ஒண்ணுதான்னாங்க. நான் வாங்காட்டி இவுங்க வாங்கியிருப்பாங்களே?”

மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேனாவை வைத்துவிட்டார். “இல்லம்மா. அப்பா, அம்மா, அவங்க பிள்ளைங்க. அதுதான் கணக்கு. அண்ணன் பிள்ளைங்களுக்குத் தனி, தம்பி பிள்ளைங்களுக்குத் தனி. ரெண்டு வீட்டுக்குமே ஒண்ணு ஒண்ணு கிடைக்கும். அவங்க வாங்கினா உங்களுக்கு ஏன் போகப்போகுது?”

பிடுங்கிக்கொண்டாள், பிடுங்கிக்கொண்டாள் என்று மூன்று வருடம் நான் ஊரெல்லாம் சொன்ன சாமானை யாருமே பிடுங்கவில்லை. அவள் எனக்கு முன்னால் ஓடி ஓடி வாங்கினது, சொந்த மகனுடையது. எனக்குச் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை.

மேனேஜர் பாரத்தை என் வீட்டுக்காரர் பக்கம் திருப்பி வைத்தார். “சரி, ஜாமீன் போடுறவர் வேற குடும்பமா இருக்கணும். நீங்க இவங்க கூடத்தான் இருக்கீங்களா, இல்ல தனிக் குடும்பமா?”

இதைவிடச் சுலபமான கேள்வி இல்லை. தனி ரேசன் கார்டு, தனி அடுப்பு, நடுவில் சுவர். ஆனால் அண்ணன் மறுபடி ஃபேனைப் பார்த்தார், தம்பி பாரத்தைப் பார்த்தார். இரண்டு மாதம் முன்னால்தான் இரண்டு பேரும் சேர்ந்து போய் சென்னியப்பன் வீட்டு வரி என்று ஒன்றாகக் கட்டிவிட்டு, ஒரு தேங்காய் மூடியை இரண்டாக உடைத்து எடுத்து வந்தார்கள். அண்ணன் முன்னால் வைத்துக்கொண்டு தம்பி எப்படிச் சொல்வார்? என் வீட்டுக்காரர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமைக்கு ஒரே நாள்தான் இருந்தது.

நான்தான் சொன்னேன். “வேற குடும்பந்தானுங்க.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குழாயடியிலும் வாசலிலும் நான் கத்திக்கொண்டிருந்த வார்த்தைதான் அது. அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டு அப்படியே எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். கோட்டைத் தாண்டி எழுத்துக் கோணலாகப் போயிற்று. நாளைக்கே காலேஜுக்குப் பணம் போய்விடும் என்று மேனேஜர் சொன்னதும் மோகன்ராஜ் மாமா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். நதியா துடைக்கவில்லை.

ஆண்கள் வண்டியை எடுக்கப் போனார்கள். நாங்கள் இருவரும் பேங்க் படியில் நின்றோம். நதியா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அப்ப உன்னோடது இன்னும் அப்படியே இருக்குது.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அப்புறம் உறைத்தது. என் கவிக்கு எல்லாம் இலவசம். நடுப் பையன் பாலிடெக்னிக்கில், சின்னவள் அரசுக் கல்லூரியில் பி.காம். மூன்று பேரில் யாருக்கும் அது வேண்டியதில்லை. நான் வாங்கவே இல்லாத அந்தச் சான்றிதழ், வாங்கப் போனால் இன்றைக்கும் கிடைக்கும், கொண்டு வந்து அலமாரியில் வைத்துப் பூட்டி வைக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் நாலு வருடக் கடனில் படிப்பான். திரும்பி நதியாவின் முகத்தைப் பார்த்தேன். பழைய எரிச்சல் அப்படியே அவள் கண்ணில் வந்து நின்றது.

“ஆமாங்க்கா, இருக்குது” என்றேன். “தரணிக்குக் குடுக்க முடியாது. நாமதான் வேற குடும்பமாச்சே.”

முடிந்திருந்தால் கொடுத்திருப்பாயா என்று அவள் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். கைப்பையில் போன் டிங் என்றது. நான் எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன்.